நூறு சதவீத வருகை

வேலை முடிந்து வந்து டப்பாவைத் திறந்தபோது அவளுடைய அட்டை மட்டும் ஈரமாக இருந்தது.

சொட்டச் சொட்ட நனைந்திருக்கவில்லை. குளித்துவிட்டுத் துவட்டாத கையால் யாரோ எடுத்து வைத்த மாதிரி, புகைப்படத்தின் மேல் பொடிப்பொடியாக நீர் பூத்திருந்தது. பக்கத்தில் கிடந்த மற்ற அட்டைகள் காய்ந்துதான் இருந்தன. கால்சட்டையில் துடைத்துவிட்டு, என்னவோ தோன்ற, மூக்கருகே கொண்டுபோனாள். டீசலும் பாசியும் கலந்த வாடை. கப்பல்கள் நிற்கும் இடத்தில் சுவரோரமாகத் தேங்கிக் கிடக்கும் தண்ணீரின் வாடை. அடச்சீ என்று மறுபடியும் துடைத்தாள். அந்த நகரத்தில் எதுதான் ஈரமில்லை? துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, உப்பு ஜாடிக்குள்ளேயே கல்லாகிவிடும், காலையில் மூடுபனி இறங்கினால் எதிர்வீடு மத்தியானம்தான் திரும்பக் கிடைக்கும். அட்டை ஈரமானதற்கெல்லாம் ஒருத்தி உட்கார்ந்து யோசிப்பாளா? அதுவும் எட்டு மணி நேரம் ஃப்ரீசருக்குள் நின்றுவிட்டு வந்தவள்? போய்ப் படுத்துவிட்டாள்.

டப்பா விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். துறைமுகத்திலிருந்து மேட்டில் ஏறும் தெருவில் ஒரு ஒடுங்கலான மாடி வீடு. அதில் ஐந்து பெண்கள். ஐந்து பேரும் படிக்க வந்தவர்கள், ஐந்து பேரும் வேலைக்குப் போகிறவர்கள். கீழ் அறையில் மூத்தவள். எல்லாருக்கும் அவள் அக்கா, மருத்துவமனைத் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை. நடு மாடியில் ஒட்டிப் பிறக்காத குறையாகத் திரியும் இரண்டு பேர். மேல் மாடியில் இஸ்திரி போடாத சட்டையைத் தொடாத 'மேடம்'. மேடத்தின் பக்கத்து அறை, தெருவைப் பார்த்த அறை, இவளுடையது. வீட்டிலேயே சின்னவள் என்பதால் இவளைக் குட்டி என்பார்கள்.

வகுப்பறை வாசலில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். மாணவர் அட்டையை அதில் வைத்தால் 'பீப்' என்னும், வருகை பதிவாகிவிடும். எண்பது சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது கடிதம் வந்தால் விசா ரத்து, பெட்டியைக் கட்டு. குட்டிக்கு வந்து ஒன்றரை மாதத்துக்குள் இரண்டு கடிதம் வந்துவிட்டது. அவள் வேலை துறைமுகத்து மீன் கிடங்கில், உறைந்த பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டுவது. அதிகாலை ஐந்திலிருந்து மத்தியானம் ஒன்று வரை. வகுப்போ ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. இரண்டையும் எப்படிப் பொருத்த முடியும்?

அப்போது அக்கா காட்டிக்கொடுத்ததுதான் அந்த பிஸ்கட் டப்பா. செருப்பு அலமாரி மேல் இருக்கும். வகுப்புக்குப் போக முடியாதவர்கள் முந்தின நாளே அட்டையை அதில் போட்டுவிட வேண்டும். மறுநாள் கல்லூரிப் பக்கம் போகிறவள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், அவரவர் வகுப்பு வாசலில் தட்டிவிட்டு, மத்தியானத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடுவாள். சொந்த ஊர்க் கல்லூரியில் ப்ராக்ஸி கொடுத்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் பாவக்கணக்கிலேயே வராது. குரலை மாற்றி "எஸ் மேம்" சொல்லத் தெரியாதவளை யார் தோழியாக வைத்துக்கொள்வார்கள்?

யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "அப்படியா, அடுத்த வாரம் நீயே போ" என்று தலையில் கட்டிவிடுவார்களே! மற்றவர்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது வகுப்புக்குப் போய்விட்டு வந்தார்கள். குட்டி அந்தக் கடிதங்களுக்குப் பிறகு ஒரு நாள்கூடப் போகவில்லை. அட்டை போயிற்று, வந்தது. அந்த மாத வருகை நூறு சதவீதம் என்று கைபேசியில் பச்சையாகக் காட்டியது.

பிறகுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டிய தேர்வில் அவளுக்கு எழுபத்தெட்டு மதிப்பெண். கீழே பேராசிரியை இரண்டு வரி எழுதியிருந்தார்: கருத்துகள் தெளிவு, ஆனால் குரல் தணிந்திருக்கிறது, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது, அடுத்த முறை சத்தமாகப் பேசவும்.

குட்டி அதை மூன்று முறை படித்தாள். அவள் எங்கே பேசினாள்? அன்றைக்கு அவள் ஃப்ரீசரில் நின்று விரல் மரத்துப்போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது சந்தோஷம். அதையும் மறைக்காமல் சொல்லத்தானே வேண்டும்! எழுபத்தெட்டு சும்மா கிடைக்குமா? அடுத்ததாக வந்தது சந்தேகம். வந்தது வந்ததுதான், அதன் பிறகு அது போகவேயில்லை. அட்டையைத் தட்டுவது வேறு. உள்ளே போய் அவள் பெயரில் உட்கார்ந்து, அவள் பெயரில் எழுந்து பேசுவது வேறு. எவள் அவள்? எதற்காக?

அக்கா சமையலறையில் நின்றிருந்தாள்.

"அக்கா, என் கார்டை யாருக்கா எடுத்துட்டுப் போறா?"

"மேடம்தான். பின்ன நானா? எனக்குத் துணி மடிக்கவே பத்து கை வேணும்."

மேடம் சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டே சிரித்தாள். "நானா? நல்ல கதையா இருக்கே! நடு ரூம் பொண்ணுங்க போறாங்கன்னு இல்ல நான் நினைச்சிட்டிருந்தேன்."

நடு அறைக்காரிகள் ஒரே குரலில், "அக்கா!" என்றார்கள்.

யாரோ ஒருத்தி பொய் சொல்கிறாள். நாலு பேரும் சேர்ந்தேகூடச் சொல்லலாம். அன்றிலிருந்து குட்டி எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். அக்காவின் செருப்பு ஏன் மத்தியானத்தில் நனைந்திருக்கிறது? மேடம் ஏன் இவளைக் கண்டதும் கைபேசியைக் கவிழ்க்கிறாள்? நடு அறையில் ஏன் பேச்சு சட்டென்று நிற்கிறது? ஒரே பாத்திரத்தில் டீ போட்டுக் குடித்த வீட்டில், தன் கோப்பையைக் கழுவியபின் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு ஊற்றிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டாள்.

ஒரு நாள் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினாள். ஐந்து பேர் வீட்டில் ஆறு அட்டைகள் இருந்தன.

ஆறாவதில் பெயர் எழுத்துகள் தேய்ந்து வழவழவென்றிருந்தன. புகைப்படம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. யாரோ பழைய குடித்தனக்காரி விட்டுப்போனதாக இருக்கலாம் என்று திரும்பப் போட்டாள். நாலு நாள் கழித்து மறுபடியும் பார்த்தபோது அந்த வெள்ளையில் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. ஒரு தலைமுடி வகிடு. ஒரு காது. காதில் இரண்டு ஓட்டைகள், ஒன்றன் மேல் ஒன்றாக.

அவள் கை தானாகத் தன் காதிலிருந்த இரண்டு ஓட்டைகளுக்குப் போனது. பிறகு தன் அட்டையை எடுத்துப் பார்த்தாள். அதில் அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது, கண்ணும் வாயும் மட்டும் பென்சில் கோடு போல மிச்சம்.

ஓகோ, இதுதானா விஷயம் என்று அப்போது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. அக்கா போலி அட்டை அடிக்கிறாள்! இங்கே இருக்க வழியில்லாத எவளுக்கோ இவள் படிப்பை, இவள் விசாவை, இவள் பெயரைத் தூக்கிக் கொடுக்கிறாள். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? கல்லூரி அலுவலகத்திலா? "என் அட்டையை வேறு ஆளிடம் கொடுத்துத் தட்டச் சொன்னேன், அவள் உள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டாள்" என்றா? அதைச் சொன்ன அன்றைக்கே இவளைத்தான் முதலில் விமானம் ஏற்றுவார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா?

அம்மாவை நினைத்தாள். "பொம்பளைப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புவாங்களா" என்று கேட்ட ஒவ்வொரு உறவுக்காரர் வீட்டு வாசலிலும் நின்று சண்டை போட்டவள் அம்மா. "என் பொண்ணு முடிச்சுட்டுத்தான் வருவா" என்று அடித்துச் சொன்னவள். பாதியில் துரத்திவிட்டார்கள் என்று அந்த அம்மாவின் முன்னால் போய் நிற்பதைவிட, இந்தத் துறைமுகத்துத் தண்ணீரில் இறங்கிவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. நினைத்த மாத்திரத்தில் உதறிக்கொண்டாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். வியாழக்கிழமை கிடங்குக்குக் காய்ச்சல் என்று தகவல் அனுப்பிவிட்டு, அட்டையை வழக்கம் போல டப்பாவில் போட்டாள். ஆறு மணிக்கு அக்கா போனாள். ஏழுக்கு நடு அறைக்காரிகள். ஏழரைக்கு மேடம், சென்ட் வாசனையோடு, டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். குட்டி இறங்கிப் போய் வாசல் கதவின் உள்சங்கிலியை மாட்டிவிட்டு, படிக்கட்டின் மூன்றாவது படியில் உட்கார்ந்தாள். இனி வெளியிலிருந்து யாரும் வர முடியாது. வந்தால் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

பேய்க்கதை என்றால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை எல்லாம் வேண்டும் என்பார்கள். இங்கே விடிந்து பால் வண்டி போயாகிவிட்டது. கதவுக் கண்ணாடிக்கு வெளியே மூடுபனி பஞ்சை அடைத்தது போல வெள்ளையாக நின்றது. கீழே துறைமுகத்திலிருந்து கப்பல் சங்கு நிமிஷத்துக்கு ஒருமுறை நீளமாக ஊதி அடங்க, அது அடங்கும் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்னச் சத்தங்கள், குழாய் சொட்டுவது, மரப்படி முனகுவது, மேலே எங்கோ ஜன்னல் சட்டம் லேசாக அதிர்வது, ஒவ்வொன்றாகக் காதருகே வந்து உட்கார்ந்துகொண்டன. எட்டு மணி. எட்டேகால். டப்பா அங்கேயே இருந்தது. இவள் கண்ணும் அங்கேயே இருந்தது.

எட்டரைக்கு டீத்தண்ணீர் கொதித்து கெட்டில் 'டக்'கென்று அணைந்தது. சமையலறை நாலே எட்டுத் தூரம். போனாள், கோப்பையில் ஊற்றினாள், வந்தாள். இருபது எண்ணுவதற்குள்.

டப்பா மூடியபடியே இருந்தது. திறந்தாள். காலி.

கதவைப் பார்த்தாள். சங்கிலி மாட்டியபடி இருந்தது. கையிலிருந்த டீ காலில் கொட்டியதுகூட உறைக்கவில்லை. கூடத்தில் அந்த வாடை நின்றது. டீசலும் பாசியும். யாரோ இப்போதுதான் இவளை உரசிக்கொண்டு கடந்து போனது போல.

அப்படியானால் வெளியிலிருந்து யாரும் வரவில்லை.

சங்கிலியைக் கழற்றினாள். ஓடினாள். மேட்டுத் தெருவில் இறங்கி, டிராம் பாதையைத் தாண்டி, பனிக்குள் எதிரே வருகிறவர்கள் மேலெல்லாம் மோதிக்கொண்டு ஓடினாள். கல்லூரிக் கட்டடத்துக்குள் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து, மாடியேறி, தன் வகுப்பறை எது என்று அறிவிப்புப் பலகையில் தேடிக் கண்டுபிடித்தாள். அதுகூட அவளுக்கு மறந்துவிட்டிருந்தது.

கதவில் நீளவாக்கில் ஒரு கண்ணாடி. எட்டிப் பார்த்தாள்.

இரண்டாவது வரிசையில், ஜன்னலோரம், ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தோளில் ஈரமுடி. நாற்காலிக்கு அடியில் தரை மட்டும் கறுத்துப் பளபளத்தது. பக்கத்துப் பெண் அவள் காதில் ஏதோ சொல்ல, இரண்டு தோள்களும் சிரிப்பில் குலுங்கின. அந்தக் குலுக்கலைக் குட்டிக்குத் தெரியும். சிரிக்கும்போது இடது தோள் மட்டும் மேலே போகும் என்று அம்மா கேலி செய்வாள். குட்டியின் சிரிப்பு அது.

கைப்பிடியைத் திருகினாள். அட்டை இல்லாமல் திறக்காது. பெட்டி சிவப்பாக மின்னியது.

காத்திருந்தாள். பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முப்பத்தொரு பேர். அவர்களில் அவள் இல்லை. கடைசியாகப் பேராசிரியை விளக்கை அணைத்துவிட்டு வந்தார். அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். வெறும் நாற்காலிகள்தான் கிடந்தன.

யாரையம்மா தேடுகிறாய் என்று பேராசிரியை அன்பாகக் கேட்டார். குட்டி தன் பெயரையே சொன்னாள். அவளா, இப்போதுதானே உன்னைத் தாண்டிப் போனாள், நல்ல பெண், இப்போதெல்லாம் ஒரு வகுப்பையும் தவறவிடுவதில்லை என்றார் அவர். பிறகு கொஞ்சம் கூர்ந்து பார்த்து, நீ யார் என்று கேட்டார்.

நான்தான் அவள்.

நாக்கு நுனிவரை வந்தது. மூன்று சொல் கூட இல்லை. ஆனால் அதன் பின்னாலேயே எச்சரிக்கைக் கடிதமும் விமான நிலையமும் அம்மாவின் முகமும் வரிசையாக வந்து நின்றன. பேராசிரியை காத்திருந்தார்.

"நான்... அவளோட ஃப்ரெண்ட்" என்றாள் குட்டி.

பேராசிரியை தலையசைத்துவிட்டுப் போனார். எங்கோ ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. என்ன காரியம் செய்தோம் என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை.

அலைந்து திரிந்து வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. அந்தக் குளிர்கால நகரத்தில் அதற்குள் தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். சாவியை நுழைத்தாள். சுற்றவில்லை. மணியடித்தாள். சங்கிலி நீளத்துக்குக் கதவு திறந்து, இடுக்கில் அக்காவின் முகம் தெரிந்தது.

"அப்பாடா! அக்கா, கதவைத் திறங்க, உங்ககிட்ட நிறையப் பேசணும்."

"யாரு நீங்க? யாரைப் பாக்கணும்?"

"விளையாடாதீங்கக்கா. எனக்கு உசுரே போகுது. நான் குட்டி."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் நடிப்பு இல்லை. நாலு வாரமாக மனிதர்களைச் சந்தேகித்துப் பழகிய கண்ணுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"குட்டியோட ஃப்ரெண்டா? அவ மேல இருக்கா, அவங்க அம்மாகூட பேசிட்டிருக்கா. அப்புறம் வாங்க." இடுக்கு மூடியது. அதற்கு முன் உள்ளிருந்து ஒரு மூச்சு வாடை வந்தது. பாசி.

அம்மா. அம்மாவுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா? உலகமே ஏமாந்தாலும் பெற்ற வயிறு ஏமாறாது!

தெருவின் எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பத்தடியில் போய் நின்று அம்மாவை அழைத்தாள். வேறு அழைப்பில் இருப்பதாகக் காட்டியது. அப்பாவின் எண்ணுக்கு வீடியோ அழைப்பு போட்டாள். அடித்தது. அடித்தது. எடுத்தது அம்மாதான். இன்னொரு கையில் தன் கைபேசி.

"அம்மா!" அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். "அம்மா, நான்மா, என்னைப் பாரும்மா!"

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"யாரும்மா நீ? ஏன் இப்படி அழற?"

"உன் பொண்ணும்மா. பாப்பா."

"என் பொண்ணு இந்தா லைன்ல இருக்காளே. பாப்பா, யாரோ ஒரு பொண்ணு அழுதுட்டு நிக்குது பாரு, உன் ஃப்ரெண்டா?" என்று, இரண்டு கைபேசிகளையும் நேருக்கு நேராகப் பிடித்தாள்.

திரைக்குள் ஒரு திரை. உள்ளங்கையளவு. அதில் குட்டியின் அறை, குட்டியின் கட்டில், குட்டியின் ஸ்வெட்டர். ஈரமுடிக்கு நடுவே குட்டியின் முகம், துடைத்துவைத்த மாதிரி, குட்டியைவிடத் தெளிவாக. பின்னால் தெரு ஜன்னல். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அது உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே, கீழே, பனிக்குள் ஒரு விளக்குக் கம்பம். கம்பத்தடியில் கைபேசியோடு ஒருத்தி.

"தெரியலம்மா" என்றது அது, தணிந்த குரலில். "கொஞ்ச நாளாவே எங்க வீட்டையே பாத்துட்டு நிக்கிறா. பாவம். நீ வை, சாப்பிடு."

"நீ சாப்பிட்டியா தங்கம்?"

"சாப்பிட்டேன்மா." இடது தோள் மேலே போகச் சிரித்தது.

குட்டி மெல்லத் தலையை உயர்த்தினாள். எதிரே, மேல் மாடி. அவள் ஜன்னல்.

கையிலிருந்த திரையில் அது இன்னும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தது.

மேலே, ஜன்னல் கண்ணாடியில், உட்பக்கமாக அழுந்திய இன்னொரு முகம் அவளை நோக்கிக் கவிந்திருந்தது. இன்னும் கண் வரவில்லை அதற்கு. வாயும் வரவில்லை. வெள்ளையாக, ஈரமாக, அந்த ஆறாவது அட்டையில் முதலில் தெரிந்தது போல ஒரு காது மட்டும்.